பர்ஸோ என்றால் எந்த நாள்?

போன புதன்கிழமை, சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் துவாஸில் ஓர் அலுவலகத்தில் மேசையைத் தட்டிவிட்டேன். லேசாக இல்லை. தேநீர்க் கோப்பை சாய்ந்து, எதிரில் பரப்பி வைத்திருந்த காகிதங்கள் எல்லாம் நனைந்துபோயின.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் சண்டைக்காரி இல்லை. பாலர் பள்ளியில் இருபத்திரண்டு வாண்டுகளைக் குரல் உயர்த்தாமல் சமாளிப்பவள். பேருந்தில் யாராவது என் காலை மிதித்தால் நான்தான் சாரி சொல்வேன்.

அன்றைக்குத் தட்டினேன். ஒரே ஒரு வார்த்தைக்காக.

பர்ஸோ.

ஹிந்தி தெரிந்தவர்கள் இந்நேரம் மனதுக்குள் மொழிபெயர்த்திருப்பீர்கள். முந்தாநாள். சரிதான். அகராதியிலும் அப்படித்தான் இருக்கிறது. அந்த அகராதி அர்த்தம்தான் ஒரு மனிதனைப் பொய்யனாக்கி, விமான டிக்கெட் வரைக்கும் கொண்டுபோய் விட்டது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மாடி அறையில் நானும் சில தொண்டூழியர்களும் உட்கார்ந்திருப்போம். பெரிய சேவை என்றெல்லாம் இல்லை. வெளிநாட்டு ஊழியர்கள் ஆங்கிலக் கடிதங்களைக் கொண்டு வருவார்கள், படித்துச் சொல்வோம். படிவம் நிரப்பிக் கொடுப்போம். யாருக்கு ஃபோன் செய்ய வேண்டுமோ செய்து கொடுப்போம். கீழே கடையில் தேநீர் வாங்கிக் கொடுப்போம்.

அப்படி ஒரு ஞாயிறு கலீம் வந்தார். நாற்பது வயது இருக்கும். தெலங்கானா, நிஜாமாபாத் பக்கம். துவாஸில் இரும்புத் தகடு வளைக்கும் பட்டறையில் வேலை. வலது கை முழுக்கக் கட்டு. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருக்க வேண்டிய இடத்தில் கட்டு சட்டென்று முடிந்துவிட்டது. நான் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் பழகியவர் மாதிரி இடது கையால் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால் போதும் என்றார். உதவி செய்யுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது... அவ்வளவுதான்.

படித்தேன். கம்பெனியின் விசாரணை அறிக்கை. செவ்வாய்க்கிழமை விபத்து. மெஷினில் ஆபத்துக்கு அழுத்தும் சிவப்பு பட்டன் வேலை செய்யவில்லை என்று ஊழியர் சொல்கிறார். அதைப் பற்றி முன்பே மேற்பார்வையாளரிடம் புகார் செய்ததாகவும் சொல்கிறார். எப்போது என்று கேட்டதற்கு, ‘இரண்டு நாள் முன்பு’ என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் பதில் அளித்தார். இரண்டு நாள் முன்பு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு பட்டறை மூடியிருந்தது. ஆகவே ஊழியரின் கூற்று உண்மையல்ல. விபத்துக்கு அவருடைய கவனக்குறைவே காரணம்.

ஆகவே! அந்த ‘ஆகவே’யை டைப் அடித்தவருக்கு எவ்வளவு திருப்தியாக இருந்திருக்கும்...

இந்த வாக்குமூலத்தை எப்போது வாங்கினார்கள் தெரியுமா? விபத்து நடந்த அன்றைக்கே சாயங்காலம். ஆஸ்பத்திரிப் படுக்கையில், அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும்போது. காதருகில் ஸ்பீக்கர்ஃபோன். மறுமுனையில் ஏஜென்சி மொழிபெயர்ப்பாளர். மனிதன் வலி மருந்து மயக்கத்தில் இருக்கிறான், இரண்டு விரல் போகப்போகிறது, அவனிடம் தேதி கேட்கிறார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஊருக்கு டிக்கெட் போட்டாயிற்று என்றார் கலீம். தையல் பிரித்ததும் கிளம்ப வேண்டும்.

இப்போது என் வண்டவாளத்தையும் சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் மேல் கோபப்படுவது சுலபம்.

நான் ஆம்பூரில் பிறந்தவள். பிறந்த வீட்டில் பேசியது தக்னி. வடக்கேயிருந்து வந்து, தமிழோடும் தெலுங்கோடும் கன்னடத்தோடும் மராத்தியோடும் பல நூறு வருஷம் குடித்தனம் நடத்திய உருது. டில்லிக்காரர் ‘முஜே’ என்பார். நாங்கள் ‘மேரே கூ’ என்போம், கேட்டால் நம் ‘எனக்கு’வுக்குத் தங்கை மாதிரி இருக்கும். வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’. அது மராத்தி கொடுத்த சீர். ஏன் என்பதற்கு ‘கைகூ’. எங்கள் தெருத் தமிழர்கள் இதை பாய் வீட்டு ஹிந்தி என்பார்கள். ஹிந்திக்காரர்கள் இதை ஹிந்தியே இல்லை என்பார்கள். உருதுக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

கல்யாணம் ஆகி சிங்கப்பூர் வந்தேன். வீட்டுக்காரர் குடும்பம் நாகூர்ப் பக்கம், மூன்று தலைமுறையாக இங்கே. அவர்களுக்குத் தமிழ்தான் எல்லாம். ஆகவே என் தக்னி, ஆம்பூரில் இருக்கும் தங்கையோடு ஃபோனில் பேச மட்டும் என்றாகிவிட்டது. பாலர் பள்ளியில் சேர்ந்த புதிதில் ஒரு வட இந்தியத் தாயிடம் வாய் தவறி ‘கைகூ’ என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, அழகாக இருக்கிறது என்றுதான் சொன்னார், குழந்தை மழலை பேசினால் சொல்வோமே... அந்த மாதிரி. அன்றிலிருந்து டிவி சீரியல் பார்த்து ஹிந்தி பழகினேன். சுத்தமான ஹிந்தி. இஸ்திரி போட்ட ஹிந்தி.

கலீமிடமும் அந்த இஸ்திரி ஹிந்தியில்தான் பேசினேன்.

எப்போது மேற்பார்வையாளரிடம் சொன்னீர்கள் என்று கேட்டேன். “பர்ஸோ” என்றார். ஞாயிற்றுக்கிழமையா என்றேன். ஞாயிறு லீவாயிற்றே மேடம் என்றார். அப்புறம் எப்படி பர்ஸோ என்றேன். அவர் விழித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சரி, இந்த ஆள் பொய்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஆம்பூரில் பிறந்த நான். தக்னி பேசி வளர்ந்த நான். கம்பெனிக்காரர்கள் நினைத்ததையே, அவர்கள் பாஷையிலேயே கேட்டு, அவர்கள் மாதிரியே நினைத்தேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த நேரத்தில் ஒரு தொண்டூழியர் தேநீர் கொண்டுவந்து வைத்தார். கலீம் பார்க்காமலேயே “நக்கோ” என்றார். என் வாய் என்னைக் கேட்காமல் பதில் சொன்னது. “கைகூ நக்கோ? பியோ.” ஏன் வேண்டாம், குடிங்க. தங்கையிடம் சொல்கிற மாதிரி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஹைதராபாத்தா என்று கேட்டார். இல்லை, ஆம்பூர் என்றேன். அதன் பிறகு நான் மேடம் இல்லை. ஆபா. அக்கா.

பேச ஆரம்பித்தார். தண்ணீர்க் குழாய் திறந்த மாதிரி. அரை மணி நேரத்துக்கு முன்னால் முழுதாக ஒரு வாக்கியம் சொல்லத் தடுமாறிய மனிதர்! அந்த மெஷின் பற்றி, பட்டன் எப்படி ஒரு நாள் வேலை செய்யும் மறுநாள் செய்யாது என்பது பற்றி, மேலே டேப் ஒட்டி வைத்திருந்தது பற்றி.

“பர்ஸோ இச் போலா ஸாப் கூ” என்றார். அப்பவே சொன்னேனே ஸாருக்கு.

அந்த ‘இச்’சை, ‘அப்பவே’யில் வரும் அழுத்தத்தை, கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. எங்கள் பாஷையில் பர்ஸோ என்றால் முந்தாநாள் மட்டும் இல்லை. அன்றைக்கு. சமீபத்தில். கொஞ்ச நாள் முன்னாடி. என் தங்கை இரண்டு வருஷத்துக்கு முன் நடந்த கல்யாணத்தைப் பற்றிக்கூட ‘பர்ஸோ’ என்றுதான் ஆரம்பிப்பாள். ஹைதராபாத் பக்கம் போனால் இன்னும் மோசம். அங்கே பர்ஸோவுக்குக் காலவரையறையே கிடையாது.

எந்த பர்ஸோ, என்று கேட்டேன்.

நோன்பு ஆரம்பிக்க நாலு நாள் இருக்கும்போது, என்றார். விபத்து நடந்தது பெருநாள் முடிந்த பிறகு. அந்த பர்ஸோவுக்கு ஐந்து வாரத்துக்கு மேல் வயது.

அத்தோடு முடியவில்லை. இடது கையால் ஃபோனைத் தடவித் தடவி ஒரு படத்தைக் காட்டினார். சிவப்பு பட்டன். குறுக்கே மஞ்சளும் கறுப்புமாக டேப். மேற்பார்வையாளருக்கு அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. கீழே ‘ஸார் பட்டன் நோ குட்’ என்று தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு வரி. தேதி, நேரம் எல்லாம் இருந்தது. மேற்பார்வையாளரின் பதிலும் இருந்தது. ஒரு கட்டைவிரல் பொம்மை. தம்ஸ் அப்.

இதை ஏன் யாரிடமும் காட்டவில்லை என்று கேட்டேன்.

யாரும் கேட்கவில்லை, ஆபா, என்றார். எப்போது சொன்னாய் என்று கேட்டார்கள். பர்ஸோ என்றேன். போய்விட்டார்கள்.

எந்த நாள்? இரண்டே வார்த்தை. ஆஸ்பத்திரியில் இருந்தவர்களில் ஒருவர் அதைக் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. நானும் முதலில் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். மனிதவளப் பிரிவில் கவிதா என்று ஒரு பெண். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், முப்பது வயது இருக்கலாம். புதன்கிழமை வரச் சொன்னார். மொழிபெயர்ப்பாளரையும் மேற்பார்வையாளரையும் வரச் சொல்வதாகச் சொன்னார். நியாயமான பெண்தான். அதையும் சொல்ல வேண்டும்.

அரை நாள் லீவு போட்டேன். ரயிலில் மேற்குக் கோடி வரைக்கும் போய், அங்கிருந்து ஒரு பேருந்து. கலீம் வாசலில் நின்றிருந்தார். துவைத்த சட்டை, வாரிய தலை. ஏதோ பெண் பார்க்கப் போகிற மாதிரி.

உள்ளே கவிதா. மேற்பார்வையாளர் மிஸ்டர் டான், ஐம்பது வயதுச் சீனர், அதிகம் பேசாதவர். மொழிபெயர்ப்பாளர் ஷர்மா, டில்லிக்காரர், மடிப்புக் கலையாத சட்டை. நான் சலாம் சொன்னதும் அவரும் மரியாதையாகப் பதில் சொன்னார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவே இல்லை. இங்கே யாருமே கெட்டவர் இல்லை. எரிச்சலே அதுதான்.

பர்ஸோ பற்றி விளக்கினேன். ஷர்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தபடி ஆங்கிலத்தில் சொன்னார். அகராதியில் உள்ள அர்த்தத்தைத்தான் தான் சொன்னதாகவும், இவர் பேசுவது உடைந்த ஹிந்தி என்றும், உடைந்த ஹிந்திக்கெல்லாம் தான் பொறுப்பேற்க முடியாது என்றும்.

உடைந்த ஹிந்தி.

கலீமுக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது. ஆனால் ‘ப்ரோக்கன்’ புரியும். மெஷின் ப்ரோக்கன், லிஃப்ட் ப்ரோக்கன் என்று தினமும் கேட்கிற வார்த்தை. அவர் கட்டுப்போட்ட கையை மேசைக்கு அடியில் கொண்டுபோய் மறைத்துக்கொண்டார். கையைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் போல.

அப்போதுதான் தட்டினேன்.

தேநீர் கொட்டியது. எல்லாரும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள். கவிதா டிஷ்யூ எடுத்துத் துடைத்துக்கொண்டே என்னைச் சமாதானப்படுத்தினார்.

“மேடம், கோச்சுக்காதீங்க. ஹிந்தின்னா ஹிந்திதானே லா. எங்களுக்கு எப்படித் தெரியும்? லாஸ்ட் டைம் நான் வேற கம்பெனில இருந்தேன், அங்கயும் இவர்தான் வருவாரு. ஒரு கம்ப்ளெய்ன்ட்டும் வந்ததில்ல.”

நான் அவரையே பார்த்தேன். “லாஸ்ட் டைம்னு சொன்னீங்களே, அது எப்போ?”

“எப்போன்னா... முன்னாடி. ஒரு ஆறு வருஷம் இருக்கும்.”

“லண்டன்லேர்ந்து ஒருத்தர் வந்து நீங்க சொன்னதை எழுதினா எப்படி எழுதுவாரு? லாஸ்ட் டைம்னா கடைசித் தடவை. அப்ப போன தடவை நீங்க வேற கம்பெனிக்கு வேலைக்குப் போயிருக்கீங்க. இங்க சம்பளம் வாங்கிட்டு அங்க வேலை பாத்திருக்கீங்க. அப்படின்னு அறிக்கை எழுதி, உங்களை டிஸ்மிஸ் பண்ணா?”

கவிதா டிஷ்யூவோடு அப்படியே நின்றார். ஷர்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார், கவிதா கையைக் காட்டி நிறுத்தினார். முகத்தில் புரிந்துகொண்டவர்களுக்கு வரும் அந்தத் திகைப்பு.

“ஐயோ” என்றார் மெதுவாக. “நாங்க அதைத்தான் பண்ணியிருக்கோமா?”

அதைத்தான் பண்ணியிருந்தார்கள்.

கலீமின் ஃபோனை வாங்கி மேசை நடுவில் வைத்தேன். படம், தேதி, கட்டைவிரல். மிஸ்டர் டான் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். இது போலி, எனக்கு வரவே இல்லை என்று வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். வாதாடவில்லை. தன் ஃபோனை எடுத்து அதே படத்தைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் வைத்தார். பழுது பார்க்கிறவரிடம் சொல்ல நினைத்ததாகவும், அந்த வாரம் வேலை நெருக்கடியில் மறந்துவிட்டதாகவும் சொன்னார். பிறகு கலீமைப் பார்த்து சாரி என்றார். கலீம் அவரைப் பார்க்காமல், பரவாயில்லை என்பது போலத் தலையசைத்தார்.

பரவாயில்லையா? எனக்குப் பரவாயில்லை என்று தோன்றவில்லை. அவருக்கும் தோன்றியிருக்காது. வேலை வேண்டியவர்கள் எல்லாரும் செய்கிற தலையசைப்பு அது.

ஒன்று கேட்கிறேன். நம் வீட்டில் யாராவது வார்த்தைக்கு வார்த்தை அகராதி பார்க்கிறோமா? என் வீட்டுக்காரர் ‘இதோ வந்துட்டேன்’ என்பார். இறந்தகாலம். ஆள் இன்னும் தேக்கா ஈரச் சந்தையில் மீன் பேரம் பேசிக்கொண்டிருப்பார். ‘ஒரு நாள் வீட்டுக்கு வாங்க’ என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம்! எந்த நாள் என்று யாராவது நாட்காட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்களா? நாம் பேசினால் அது பேச்சு வழக்கு. ஊழியர் தங்குவிடுதியில் இருப்பவர் பேசினால் உடைந்த பாஷை. முரண்பாடு. கூற்று உண்மையல்ல. ஆகவே டிக்கெட்.

எங்கள் மாடி அறையில் போன வருஷம் நடந்தது இது. பீகாரிலிருந்து வந்த ஒருவர், போஜ்புரி பேசுகிறவர், தன் கதையை ‘ஹம்... ஹம்...’ என்று சொல்லிக்கொண்டே போனார். எழுதிய எங்கள் தொண்டூழியர் ‘நாங்கள், நாங்கள்’ என்று எழுதிக்கொண்டே போனார். கடைசியில், கூட இருந்தவர்கள் யார் யார் என்று கேட்டார். யாருமில்லை, நான் மட்டும்தான் என்றார் அவர். உடனே எழுதியவருக்குச் சந்தேகம். எதையோ மறைக்கிறார்! ஒன்றையும் மறைக்கவில்லை ஐயா. அவர் ஊரில் ‘நான்’ என்பதற்கே ‘ஹம்’ என்றுதான் சொல்வார்கள். பீகாரில் தெருவில் போகிற யாரைக் கேட்டாலும் தெரியும். நமக்குத்தான் கேட்கத் தோன்றவில்லை.

கோடிக் கணக்கான பேர் வாயில் இருக்கிற பாஷைகளையெல்லாம் ஹிந்தி என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டு, மூட்டைக்குள் அடங்காததை உடைந்தது என்கிறோம். தமிழர்கள் நாமாவது இதைச் செய்யலாமா? கோயம்புத்தூர்க்காரர் பேச்சும் நாகர்கோவில்காரர் பேச்சும் யாழ்ப்பாணத்தார் பேச்சும் எவ்வளவு தூரம் என்று தெரிந்தவர்கள்தானே? ஆனால் வடக்கே பார்த்தால் மட்டும் நமக்கு எல்லாம் ஒரே ஹிந்தியாகத் தெரிகிறது.

சரி. என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள்.

பழைய அறிக்கையை அன்றைக்கே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை டிக்கெட் ரத்து. கை சிகிச்சை முடியும்வரை கலீம் இங்கேயே இருப்பார் என்று கவிதா எழுத்தில் கொடுத்தார். அதன் பிறகு என்ன வேலை, இந்தக் கையால் என்ன செய்ய முடியும்... யாருக்கும் தெரியாது. அவர் வாசலில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. பொய் சொன்னேன் என்று எழுதியிருந்ததே, அந்தக் காகிதத்தை நிஜமாகவே கிழித்துவிடுவார்களா, ஆபா? என் பிள்ளைகள் ஒரு நாள் இங்கிலீஷ் படிப்பார்கள்.

திரும்ப உள்ளே போய், அவர் கண் முன்னால் கிழிக்க வைத்தேன். தேநீரில் ஊறியிருந்ததால் சுலபமாகக் கிழிந்தது.

ஷர்மா கிளம்பும்போது கை குலுக்கினார். இனிமேல் கவனமாக இருக்கிறேன் என்றார். நல்லது. விரல்கள் திரும்பி வராது என்பதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்கும்.

புது வாக்குமூலத்தை நான்தான் மொழிபெயர்த்தேன். கலீம் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பர்ஸோவுக்கும் எந்த நாள் எந்த நாள் என்று கேட்டுக் கேட்டு. முடித்ததும் கவிதா படிவத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். மொழிபெயர்ப்பாளர் பெயர், கையொப்பம், மொழி. மொழிக்கு நேரே ஹிந்தி என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. அதைக் குறுக்கே அடித்தேன்.

“அப்போ என்னன்னு போடணும், மேடம்?” என்றார். தக்னி என்றேன். ஸ்பெல்லிங் கேட்டார்.

ஐம்பத்து மூன்று வயதில், என் வீட்டுப் பாஷையின் பெயரை முதல் தடவையாக ஒருவருக்கு எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.